இரண்டு சுற்று

என் தங்கை பயிற்சித் தேர்வில் தோற்ற செய்தியை அவள் சொல்லவில்லை. விசில்தான் சொன்னார்.

விசில் என்பது பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர். யாராவது தவறு செய்தால் வாயால் திட்ட மாட்டார். காதருகே வந்து ஊதுவார். அன்று முழுக்க அந்தக் காது வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் இப்போது வேலை பார்க்கும் மருந்துக் கிடங்குக்கே வந்துவிட்டார். நான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னடா ஆந்தை, பகல்ல கண்ணு தெரியுதா?"

ஒன்பது வருடம் ஆம்புலன்ஸில் இரவுப் பணி பார்த்ததால் வந்த பெயர். வேலையை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. பெயர் இன்னும் விடவில்லை.

"சொல்லுங்க சார்."

"உன் தங்கச்சி ஃபெயில். மத்த எல்லாத்துலயும் பாஸ். பட்டையில மட்டும் ஃபெயில். திங்கக்கிழமை இன்னொரு சான்ஸ் இருக்கு. அதுலயும் போச்சுன்னா லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துருவாங்க. செத்த புருஷனோட வேலையைக் குடும்பத்துக்குக் குடுங்கன்னு அப்புறம் யாரும் போய் நிக்க முடியாது."

பட்டை என்று நாங்கள் சொல்வதற்குப் புத்தகத்தில் டூர்னிக்கெட் என்று பெயர். கையோ காலோ கிழிந்து ரத்தம் பீய்ச்சும்போது காயத்துக்கு மேலே கட்டுவது. துணிப் பட்டையை இழுத்து ஒட்டி, அதில் இருக்கும் விரல் நீளக் குச்சியைத் திருக வேண்டும். திருகத் திருகப் பட்டை இறுகும். ரத்தம் நின்றதும் குச்சியைக் கொக்கியில் மாட்டி நேரத்தை எழுத வேண்டும். துப்பாக்கி சுடுகிற தெரு, எரிகிற கட்டடம், எப்போது விழும் என்று தெரியாத சுவர் என்று நிற்க நேரமில்லாத இடங்களுக்குள் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். உள்ளே ஊசி கிடையாது, மருந்து கிடையாது, ஆறுதல் வார்த்தையும் கிடையாது. பட்டையைக் கட்டு, ஆளை இழு, வெளியே வா. மற்றதெல்லாம் வெளியே வந்த பிறகு.

"என்ன தப்பு பண்றா?" என்று கேட்டேன்.

"ரெண்டு சுத்துல நிறுத்துறா. கொக்கியில மாட்டுறா, நேரம் எழுதுறா, முடிஞ்சுதுன்னு கையைத் தூக்குறா. நான் குனிஞ்சு பாதத்துல நாடி பாத்தா, நின்னிருக்க வேண்டியது ஜம்முனு அடிக்குது. ஊதினேன். அழுவான்னு பாத்தேன். அழுதாளா? 'ரெண்டு சுத்து போதும் சார், என் வீட்டுக்காரர் அப்படித்தான் கட்டுவாரு, பதினோரு வருஷம் சர்வீஸ்'னு எனக்குப் பாடம் எடுக்குறா."

நான் அடுத்த பெட்டியைத் தூக்கினேன்.

"எவன்டா சொல்லிக் குடுத்தது அந்த ரெண்டு சுத்தை? நான் குடுக்கல."

"தெரியல சார்."

"தெரியல." விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "செத்தவன் பேச்சுக்கு எதிரா நான் பேசினா அவ காதுல ஏறாது. நீ பேசு. நீதானே கடைசியா பக்கத்துல இருந்தே."

போய்விட்டார். அன்று பெட்டிகளைத் தப்பான அடுக்கில் வைத்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த இரண்டு சுற்றை யார் கண்டுபிடித்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானும் மாப்பிள்ளையும்தான்.

மாப்பிள்ளை என் வண்டியின் டிரைவர். முதலில் நண்பன், பிறகு நான் பார்த்து என் தங்கைக்குக் கட்டிவைத்தவன். வருடத்துக்கு ஒரு தடவை எல்லாரும் பயிற்சிக்கூடத்துக்குப் போக வேண்டும். வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு மேலே நீளமான ஒரு மண்டபம். ரப்பர் பொம்மைகள், சிவப்புச் சாயம் காய்ந்த பாய்கள், டெட்டால் வாசனை. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவன் காலில் ஒருவன் கட்ட வேண்டும். விசில் கடிகாரத்தை அமுக்குவார்.

பட்டையைச் சரியாக இறுக்கினால் வலி உயிர் போகும். யாருக்கும் பிடிக்காது. இன்று நீ என் காலில் இறுக்கினால் அடுத்த நிமிடம் நான் உன் காலில் இறுக்குவேன். அதனால் எங்களுக்குள் பேசாமலே ஓர் ஏற்பாடு. இரண்டாவது சுற்றில் மாப்பிள்ளை கத்துவான். "ஐயோ போதும் மச்சான், காலு கழண்டு வந்துரும்!" நான் நிறுத்திவிடுவேன். என் முறையில் நான் கத்துவேன், அவன் நிறுத்துவான். நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் விசில் எல்லார் பாதத்தையும் தொட்டு நாடி பார்க்க முடியாது. தடுமாறுகிறவர்களிடம்தான் போவார். நாங்கள் தடுமாறவே மாட்டோம். பதினெட்டு நொடி. ஆறு வருடம் எங்களை யாரும் முந்தவில்லை. சுவரில் இருக்கும் பலகையில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள்: ஆந்தை, டிரைவர், 18. முதலில் முடித்தவர்களுக்கு டீ மெஷின் முன்னால் வரிசை கிடையாது. அதற்காகத்தான் அவ்வளவு வேகம்.

வீட்டிலும் அவன் இதைக் காட்டியிருக்கிறான். தங்கை கேட்டால் நாற்காலிக் காலில் கட்டிக் காட்டுவான். "ரெண்டு சுத்து, ஒரு கொக்கி, ஒரு டீ" என்று பாட்டுப் போலச் சொல்வான். அவள் சிரிப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை செத்த அன்று காலை, பணி முடிய அரை மணி நேரம் இருக்கும்போது பெயிண்ட் கிடங்கு ஒன்று எரிந்தது. காவலாளி உள்ளே இருக்கிறான் என்றார்கள். தீயணைப்புக்காரர்களுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஸ்ட்ரெச்சரோடு போனோம். காவலாளி பின்வாசல் வழியாக முன்பே ஓடிப் போய்விட்டான் என்று மறுநாள்தான் தெரிந்தது. ஒரு டிரம் வெடித்தது. அதன் மூடி பறந்து வந்து மாப்பிள்ளையின் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது.

நான் பதறவில்லை. பட்டையை எடுத்தேன், கட்டினேன், திருகினேன். ஒன்று. இரண்டு.

"போதும் மச்சான்!" என்று கத்தினான்.

என் கை நின்றது.

நான் யோசித்து நிறுத்தவில்லை. ஆறு வருடம் அந்தக் குரலுக்கு நின்ற கை, அன்றும் நின்றது. கொக்கியில் மாட்டினேன், நேரம் எழுதினேன், இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியை ஓட்ட வேண்டியவன் படுத்திருந்தான். அதனால் நான் ஓட்டினேன். பின்னால் ஒரு போலீஸ்காரர் ஏறிக்கொண்டார். "ரத்தம் நிக்கலைங்க!" என்று இரண்டு தடவை கத்தினார். "துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க!" என்று நானும் கத்தினேன். குச்சியைத் திருகுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. நான்தான் கட்டிவிட்டேனே.

ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு நிமிடம்.

அரைகுறையாக இறுகிய பட்டை, கட்டாததைவிட மோசம். ரத்தம் உள்ளே போகிற வழி திறந்திருக்கும், திரும்பி வருகிற வழி அடைபட்டிருக்கும். போன ரத்தம் எல்லாம் காயம் வழியாகவே வெளியேறும். இதை விசில் ஒவ்வொரு வருடமும் சொல்வார். அந்த நேரத்தில் நாங்கள் டீ மெஷின் பக்கம் நிற்போம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் வந்தாள். பட்டையைப் பார்த்தாள். குச்சியைக் கொக்கியிலிருந்து எடுத்து இன்னும் இரண்டு சுற்று திருகினாள். ரத்தம் நின்றது. அதற்குள் அவன் உடம்பில் நிறுத்துவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

விசாரணையில் கேட்டார்கள். பட்டை கட்டினீர்களா? கட்டினேன். நேரம் எழுதினீர்களா? எழுதினேன். எத்தனை சுற்று என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதை நான் குப்பையில் போட்டேன். தங்கை எடுத்து, மடிப்பை நீவி, அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். அந்த வாரமே நான் வேலையை விட்டேன். தூக்கம் கெட்டுப் போகிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது அவன் இடத்துக்கு அவள் வருகிறாள். அலுவலகத்தில் ஃபைல் தூக்கும் வேலைதான் தருகிறோம் என்றார்கள். வண்டியில்தான் போவேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குத் தங்கை இல்லை. சொல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. எப்படியாவது தட்டுத்தடுமாறிப் பாஸாகிவிட்டால் அது இன்னும் மோசம். என்றைக்காவது எவனோ ஒருவன் தொடையில் இரண்டு சுற்றில் நிறுத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்பே அவள் வீட்டுக்குப் போனேன். அரைக்கால் சட்டையோடு போனேன். கதவைத் திறந்தவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணா, பந்து விளையாடப் போறியா?"

"பட்டை கட்டிப் பழக ஒரு காலு வேணும்ல. கொண்டாந்திருக்கேன்."

"விசில் வந்து ஒப்பாரி வெச்சாரா?"

"வெச்சாரு."

"அந்தாளுக்கு என்னைக் கண்டா ஆகாது. வா, உள்ள வா. டீ போடவா?"

"வேண்டாம்."

அவளுடைய சமையலறையில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அலமாரிக் கதவுகளில் பாடக் குறிப்புகளைக் கைப்பட எழுதி ஒட்டியிருந்தாள். மூச்சுப் பாதை, மார்புக் காயம், உடம்புச் சூடு. எல்லாம் வரிசையாக, அழகான கையெழுத்தில். பட்டைக்கு மட்டும் குறிப்பு இல்லை. அது தனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருப்பாள். ஃபிரிட்ஜ் கதவில் என் பாராட்டுக் கடிதம். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை எதிர் நாற்காலியில் நீட்டினேன்.

பயிற்சிப் பட்டையை எடுத்துவந்தாள். என் தொடையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது என்ன கொக்குக் காலு. இதுல கட்டினா பட்டைதான் மிச்சம் இருக்கும்."

"கட்டு."

கட்டினாள். வேகமான கை. இழுத்தாள், ஒட்டினாள், குச்சியைப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. கொக்கி. பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"பாத்தியா? இருபத்திரண்டு செகண்டு. அவரு ரெக்கார்டுக்கு நாலு செகண்டுதான் பாக்கி."

"நாடி பாரு."

"எதுக்கு?"

"பாருன்னா பாரு."

பாதத்தின் மேல் விரல் வைத்தாள். தேடினாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அடிக்கிறது என்று.

"கொஞ்சமா இருக்கு" என்றாள்.

"கொஞ்சம் எல்லாம் கிடையாது. இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப திருகு."

"ரெண்டு சுத்து ஆயிருச்சு அண்ணா."

"சுத்தை எண்ணாத. நாடி போற வரைக்கும் திருகு."

கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தவள் அப்படியே குதிகாலில் உட்கார்ந்தாள். "நீயும் அந்தாளு மாதிரியே பேசற. நீங்க ரெண்டு பேரும் எப்படிக் கட்டுவீங்க? ஆறு வருஷம் போர்டுல யாரு பேரு இருந்துச்சு? இந்த வீட்டுல இதே நாற்காலில அவரு எனக்குக் காட்டலயா? நீ பக்கத்துல உக்காந்து பல்லைக் காட்டிட்டு இருந்தியே, அப்ப சொல்லலயே தப்புன்னு?"

"தப்பு."

"என்ன தப்பு?"

"அது தப்பு. நாங்க ஏமாத்தினோம். வலிக்கும்னு ரெண்டோட நிறுத்திப்போம். அவன் கத்துவான், நான் நிறுத்துவேன். டீ குடிக்கப் போயிருவோம். அந்தப் பதினெட்டு செகண்டு பொய்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்து மறுபடி முட்டி போட்டாள். குச்சியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். திருகினாள். மூன்று.

எனக்கு வலித்தது. பல்லைக் கடித்தேன். சத்தம் போடக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தேன், ஆனாலும் தொண்டையிலிருந்து ஏதோ வந்துவிட்டது. அவள் கை நின்றது.

"நிறுத்தாத" என்றேன். "எவன் கத்தினாலும் நிறுத்தாத."

குச்சியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். அவள் மண்டு இல்லை. சின்ன வயதிலிருந்தே கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவாள்.

"அன்னைக்கு அவரு கத்தினாரா?"

"ம்."

"என்னன்னு?"

"போதும் மச்சான்னு."

"எத்தனை சுத்துல?"

வரும் வழியில் பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். டிரம் வெடித்தது, புகை, கண் தெரியவில்லை, வழுக்கியது என்று. எல்லாமே உண்மைதான். எதுவும் வாயில் வரவில்லை.

"ரெண்டு" என்றேன்.

அவள் திருகினாள். நான்கு. என் கால் என்னுடையது இல்லாதது போல ஆனது. பாதத்தில் விரல் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "நின்னுருச்சு."

"சரி. கொக்கியில மாட்டு."

மாட்டினாள். பேனாவை எடுத்தாள். பட்டையில் எழுதும் இடம் பழகிப் பழகி முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. அதனால் என் முழங்காலுக்குக் கீழே, தோலிலேயே எழுதினாள். நான்கு பத்து. எண்கள் கொஞ்சமும் கோணவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பதினாலு நிமிஷம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்தாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பட்டையைக் கழற்றவில்லை. நான் கேட்கவும் இல்லை. குச்சி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் வரைக்கும் காலுக்கு ஒன்றும் ஆகாது. வலிக்கும், அவ்வளவுதான்.

அவள் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள். ஒவ்வொன்றையும் துடைத்துக் கவிழ்த்தாள். ஐந்து நிமிடத்தில் என் கால் விரல்கள் மரத்துப்போயின. தொடைக்குள் யாரோ ஆணியை மெதுவாகத் திருப்புவது போல இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள்.

"'துரிதமாகவும் திறமையாகவும் செயல்பட்டமைக்காக'" என்று படித்தாள். குரலில் எதுவும் இல்லை, சாமான் பட்டியல் வாசிப்பது மாதிரி. "இதை நான் தினமும் படிப்பேன் அண்ணா. பால் எடுக்கறப்ப எல்லாம்."

நான் தரையைப் பார்த்தேன்.

"வண்டியில அவருகூடப் பின்னால யாரு இருந்தா?"

"ஒரு போலீஸ்காரர்."

"அவரு ஒண்ணும் சொல்லலயா?"

"ரத்தம் நிக்கலன்னு சொன்னாரு. ரெண்டு தடவை."

அவள் தலையை ஆட்டினாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். மறுபடி உதறிப் போட்டாள்.

நான்கு இருபத்துநான்குக்கு வந்து முட்டி போட்டாள். குச்சியைக் கழற்றினாள், பட்டையைத் தளர்த்தினாள். ரத்தம் திரும்பக் காலுக்குள் இறங்கும்போதுதான் நிஜமான வலி. நான் கத்தினேன். அவள் பாதத்தில் விரல் வைத்து, நாடி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சு" என்றாள். பட்டையைச் சுருட்டினாள். "நடக்க முடிஞ்சா கிளம்பு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"கிளம்பு அண்ணா."

படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். மேலே கதவைச் சாத்துகிற சத்தம் வந்தது. ஓங்கிச் சாத்தவில்லை. எப்போதும் போலத்தான் சாத்தினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் விசில் போன் பண்ணினார். நான் கிடங்கில் ஏணி மேல் இருந்தேன்.

"பாஸ்டா" என்றார். "நாப்பத்தொரு செகண்டு. ஜோடியா ஒரு தடியனைப் போட்டேன். அவன் கத்தின கத்துல கீழ கொட்டகையில இருந்து டிரைவர் எல்லாம் ஏறி வந்துட்டானுங்க. உன் தங்கச்சி காதுலயே போட்டுக்கல. திருகிட்டே இருக்கா. நாடி நின்னப்புறம்தான் அவன் மூஞ்சியையே பாத்தா."

"சரி சார்."

"போறப்ப போர்டைக் காட்டி, இதை அழிக்கலாமான்னு கேட்டா."

ஏணியிலிருந்து இறங்கினேன்.

"அழிச்சீங்களா?"

"பெயிண்ட் தின்னர் எடுத்துக் குடுத்தேன்." போனில் யாரோ தூரத்தில் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அன்னைக்கு உங்க வண்டியைக் கழுவுறப்ப நான் இருந்தேன்டா. பின்னாடி சீட் முழுக்க ரத்தம். பட்டை சரியா இறுகலன்னு அப்பவே தெரியும். ஆனா நான் வாயைத் திறந்தா, ஆறு வருஷம் நீ ஏன்டா அவனுங்க நாடியைப் பாக்கலன்னு என்னையும் கேப்பாங்கல்ல."

நான் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தேன்.

"சரி, வைக்கறேன்" என்றார். வைக்காமல், "உன்கிட்ட பேசினாளா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பேசுவா."

"பேசமாட்டா சார்."

"ஆமா" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு இரவுப் பணி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பழைய வண்டியே. சீட் மாற்றிவிட்டார்களாம்.

அவள் என் காலில் எழுதியது லேசில் அழியாத மை. நான்கு பத்து. எட்டு நாள் குளித்த பிறகு போனது.